ரிப்போர்ட் எல்லாம் நார்மல்… பிறகு ஏன் விழுகிறாள்?

வாசகர் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவர்கள் பதில்

திடீர் வலிப்பு, மயக்கம், உதறல் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்கள் பலவற்றில் திரும்பத் திரும்ப ஒரே வரி: "ஸ்கேன் நார்மல், ஈ.ஈ.ஜி. நார்மல், ஆனால் வருவது நிற்கவில்லை." ஈ.ஈ.ஜி. என்பது மூளையின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் பரிசோதனை. ஸ்கேன் எடுக்கும் நேரம் பார்த்து இவை வருவதில்லை. வந்துபோன அந்த இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லும் விவரத்தை வைத்துத்தான் பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கிறோம். அதனால் பதில்களிலும் அந்த விவரங்களையே அதிகம் பேசியிருக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. எட்டு மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று தடவை விழுந்து கை கால் உதறுகிறது. கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறாள். சில நாள் 20 நிமிடம்கூட நீடிக்கிறது. எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி. இரண்டும் நார்மல். இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. "இது வலிப்பு நோய் இல்லை" என்று ஒரு டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் அவள் நடிக்கிறாள் என்கிறார்கள். என் மாமியார் வெங்காயத்தைப் பிழிந்து மூக்கில் விடச் சொல்கிறார். யாரை நம்புவது?
— ஒரு தாய், திருப்பூர்

பதில்: உங்கள் மகளை நம்புங்கள். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் 'ஃபங்ஷனல் சீஷர்' என்ற நிலையோடு பொருந்துகின்றன. வலிப்பு நோயில் மூளையின் மின்துடிப்புகள் கட்டுமீறிப் பாயும். இதில் அது நடப்பதில்லை. மூளையின் அமைப்பும் நன்றாகவே இருக்கும். ஆனால் உடம்பையும் உணர்வையும் கவனத்தையும் அது கோத்து நடத்துகிற விதம் சில நிமிடங்களுக்குக் குலைந்துவிடுகிறது. அவள் வேண்டுமென்று தொடங்குவதில்லை, நினைத்த மாத்திரத்தில் நிறுத்தவும் முடியாது. இதை 'சூடோ சீஷர்' என்று எழுதும் பழக்கம் இன்னும் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. சூடோ என்றால் போலி. இத்தனை குடும்பங்களில் பெண் பிள்ளைகள் மேல் பழி விழுந்ததற்கு அந்த ஒரு சொல்லும் காரணம். அது ஒழிய வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

வலிப்பு நோயில் வரும் பெரிய வலிப்பு பெரும்பாலும் 2 நிமிடத்துக்குள் தானாக அடங்கிவிடும். கண் திறந்தே இருக்கும். முதலில் உடம்பு விறைக்கும், பிறகு கை கால் ஒரே தாளத்தில் வெட்டும், அந்த வெட்டு இடைவெளி விட்டு விட்டு நிற்கும். அதன்பின் குறட்டைபோல மூச்சு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம். ஃபங்ஷனல் சீஷரில் கண் மூடியிருக்கும், நாம் திறக்கப்போனால் இன்னும் இறுகும். தலை இடவலமாக ஆடும். உதறல் ஏறும், இறங்கும், நின்றதுபோல் இருந்து மறுபடி தொடங்கும். முடிந்ததும் அழுகை வரலாம். இதில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. சிறுநீர் போவதும் அடிபடுவதும் இரண்டிலும் உண்டு. நாக்கின் பக்கவாட்டில் ஆழமாகக் கடிபட்டிருந்தால் வலிப்பு நோயாக இருக்க வாய்ப்பு கூடுதல். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால் ஒருமுறை வீடியோ ஈ.ஈ.ஜி. செய்துவிடுங்கள். கேமராவும் ஈ.ஈ.ஜி.யும் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு வழக்கமாக வருவது ஒருமுறை வந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

உறுதியானால் வலிப்பு மாத்திரை தேவைப்படாது. ஆனால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். குளோபசாம், ஃபீனோபார்பிட்டோன் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் அதனாலேயே வலிப்பு நோயில் வருவதுபோன்ற வலிப்பு வரலாம். டாக்டர் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்.

பல பேருக்கு முன்னறிகுறி இருக்கும்: படபடப்பு, கை மரத்தல், காது அடைப்பு, சுற்றியிருப்பதெல்லாம் எட்டப் போவதுபோல் ஓர் உணர்வு. அந்த நொடியில் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் படும் ஐந்து பொருளை நிறத்தோடு வாய்விட்டுச் சொல்லட்டும்: நீல பக்கெட், பச்சைத் துண்டு, மஞ்சள் சுவர்… மூச்சை 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடட்டும். முதல் சில வாரம் இது பலிக்காது. நன்றாக இருக்கும் நேரத்திலும் தினம் இரண்டு தடவை பழகினால்தான் வேண்டிய நேரத்தில் கைகொடுக்கும்.

வந்துவிட்டால் தலைக்கு ஒரு துணியை மடித்து வையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், ஒருவர் மட்டும் அமைதியாகப் பேசுங்கள். வெங்காயச் சாறு, கிள்ளுவது, மிளகாய்ப் புகை எதுவும் வேண்டாம். கண் மூடியிருந்தாலும் சுற்றி நடப்பது பல சமயம் காதில் விழும், பதில்தான் சொல்ல முடியாது. "போதும், நடிக்காதே" என்பதும் விழும். நோய் இன்னதென்று உறுதியான பிறகு, வழக்கமானதுபோலவே வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். அங்கே அவசரத்தில் ஊசி மேல் ஊசி போட்டு மூச்சு மட்டுப்படும் நிலைமை வரை போவதுண்டு.

சிகிச்சை என்பது நோயைப் புரியவைப்பதும், பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையும். 368 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், மாதத்துக்கு எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு ஓராண்டு முடிவில் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. ஆனால் அன்றாட வாழ்க்கை அதனால் முடங்குவது குறைந்தது. அதை எதிர்பார்த்துத் தொடங்குங்கள். "யாரையாவது காதலிக்கிறாயா, என்ன மறைக்கிறாய்?" என்ற விசாரணை வேண்டாம். பெரிய மனத்துயர் எதுவும் இல்லாதவர்களுக்கும் இது வருகிறது. "கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்கும்போது மட்டும் ஒரே இடத்தைப் பார்த்து நிற்கிறான், வாயை மெல்லுகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை. மற்ற நாளில் ஒன்றுமில்லை. எண்ணெய் சேரவில்லையா?
— ஒரு தந்தை, ஓசூர்

பதில்: எண்ணெயை விட்டுவிடுங்கள், வெந்நீரைப் பாருங்கள். தலையில் வெந்நீர் ஊற்றும்போது மட்டும் வரும் வலிப்பு ஒன்று உண்டு. உலகில் பல இடங்களில் அரிதாகப் பேசப்படும் இது, தென்னிந்தியாவில், முக்கியமாகத் தென் கர்நாடகத்தில், அதிகம். பெங்களூருவில் உள்ள நிமான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர்கள் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். உங்கள் ஊர் எல்லையில்தானே இருக்கிறது. ஆண் பிள்ளைகளிடம் கூடுதலாகப் பார்க்கிறோம். நாம் குளிக்கும் முறையும் இதில் சேர்ந்துகொள்கிறது: 40 டிகிரிக்கு மேல் சூடான நீரை செம்பு செம்பாக, இடைவெளி இல்லாமல் உச்சந்தலையில் ஊற்றுகிறோம். மண்டைத் தோலில் சூடு சட்டென்று ஏறுவதும், நீர் விழும் தொடு உணர்வும் சேர்ந்து, அதற்கு எளிதில் ஆளாகும் மூளையைத் தூண்டிவிடுகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில பிள்ளைகள் "போதும்டா" என்று சொல்லச் சொல்ல மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அடம் என்று அடி விழும். பல சமயம் வலிப்பு அங்கேயே தொடங்கிவிட்டிருக்கும்.

நீரை முழங்கையில் தொட்டால் சூடே தெரியாத வெதுவெதுப்புக்குக் கொண்டுவாருங்கள், 37 டிகிரியைத் தாண்ட வேண்டாம். உடம்பை முதலில் குளிப்பாட்டுங்கள். தலையில் நேராக ஊற்றாமல், நனைத்துப் பிழிந்த துண்டால் இரண்டு மூன்று தடவை துடைத்து சிகைக்காயை எடுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்து, கதவைத் தாழிடாமல், பெரியவர் ஒருவர் கூடவே நில்லுங்கள். பல குழந்தைகளுக்கு இதுவே போதும். போதாதவர்களுக்குத் தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும், ஒன்றரை மணி நேரம் முன்பாக, குளோபசாம் மாத்திரை கொடுக்கும் முறை இருக்கிறது. அளவை டாக்டர் எடை பார்த்து எழுதுவார், தினசரி மாத்திரை தேவைப்படாமலே போகலாம். குளிக்காத நேரத்தில் ஒருமுறை வந்தாலும் உடனே சொல்லுங்கள். சிலருக்கு நாளடைவில் அப்படி மாறும், அப்போது தினமும் மருந்து வேண்டும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகளுக்குக் காலையில் கை தூக்கிவாரிப் போடுகிறது. காபி டம்ளர் கையிலிருந்து பறக்கிறது, பிரஷ் விழுகிறது. பதற்றம் என்று விட்டுவிட்டோம். போன வாரம் இரவு முழுக்கப் படித்துவிட்டு எழுந்தவள் பெரிய வலிப்பாக விழுந்துவிட்டாள். கார்பமசெபின் கொடுத்தார்கள், தூக்கிப்போடுவது அதிகமாகிவிட்டது.
— ஒரு தாய், நாமக்கல்

பதில்: இரண்டு விவரங்களிலேயே விடை இருக்கிறது: எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வருவதும், தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் முற்றுவதும். 12 முதல் 18 வயதுக்குள் தொடங்கும் ஜே.எம்.இ. என்ற வலிப்பு வகையின் முகம் இது. 'டம்ளர் பறந்தது' என்பதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை, பெரிய வலிப்பை மட்டும் சொல்கிறார்கள். அதைக் கேட்டு எழுதும் கார்பமசெபின், ஃபெனிடாய்ன் போன்ற மருந்துகள் இந்த வகையில் கை தூக்கிப்போடுவதை அதிகப்படுத்திவிடும். இந்த வாரமே டாக்டரைப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். இடையில் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வால்ப்ரோயேட் என்ற மருந்துக்கு இது நன்றாகக் கேட்கும். ஆனால் பெண் பிள்ளைக்கு அதை எழுதும்முன் பலமுறை யோசிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் 10-ல் ஒருவருக்குப் பிறவிக் குறை, 10-ல் 3 முதல் 4 பேருக்கு மூளை வளர்ச்சியில் பின்னடைவு. அதனால் லெவெடிரசிடாம் என்ற மருந்து முதலில் வரும். அது சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும். அவள் திடீரென்று எரிந்து விழுந்தால் திமிர் என்று எண்ணாதீர்கள், மருந்தாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீட் தேர்வோ பொதுத் தேர்வோ, 7 முதல் 8 மணி நேரத் தூக்கத்தில் கைவைக்க வேண்டாம். ராத்திரி 12 மணிவரை படித்துவிட்டு அதிகாலை 4 மணிக்கு அலாரம் வைப்பதுதான் இவளுக்கு மோசமான அட்டவணை. சிலருக்கு மினுக்கும் வெளிச்சமும் ஆகாது. பஸ் தென்னை வரிசை ஓரமாகப் போகும்போது வெயில் மின்னி மின்னி அடிக்கும் பாருங்கள், அது போதும். அப்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மறைத்துக்கொண்டால் தூண்டல் குறையும். இரண்டு கண்ணையும் வெறுமனே மூடிக்கொள்வதைவிட இது நல்லது.

கேள்வி: 13 வயது மகன். வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்று எழுந்தால் கை முறுக்கிக்கொள்கிறது, கால் திருகுகிறது. பத்து நொடியில் சரியாகிவிடுகிறது. நினைவு தப்புவதில்லை. ஒரு நாளில் 30 தடவை வருகிறது. சேட்டை என்கிறார்கள் ஆசிரியர்கள்.
— ஒரு தாய், தேனி

பதில்: சேட்டையில்லை. உட்கார்ந்திருந்து சட்டென்று எழுவது, நின்ற இடத்திலிருந்து ஓட்டம் எடுப்பது, இப்படித் திடீர் அசைவால் தூண்டப்பட்டு, ஒரு நிமிடத்துக்குள் முடிந்து, நினைவு முழுக்கத் தெளிவாக இருந்தால் அது பி.கே.டி. என்ற அசைவுக் கோளாறு. பி.ஆர்.ஆர்.டி.2 என்ற மரபணுவில் வரும் மாற்றம் முக்கியக் காரணம். அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ சின்ன வயதில் இப்படி இருந்து தானாக விட்டுப்போயிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

இதற்கு மருந்து கார்பமசெபின்! முந்தைய கேள்வியில் நிலைமையை மோசமாக்கிய அதே மாத்திரை இங்கே, வலிப்பு நோய்க்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில், பெரும்பாலும் ஒரு நாளைக்கு 50 முதல் 200 மில்லிகிராமுக்குள், சில நாளிலேயே முற்றாக நிறுத்திவிடுகிறது. பையனை உட்காரவைத்து, டாக்டர் முன்னால் சட்டென்று எழுந்து நடக்கச் சொல்லுங்கள், அங்கேயே வந்துவிடும். அதைவிடப் பெரிய பரிசோதனை இல்லை. மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு எது வந்தாலும் அடுத்த மாத்திரை கொடுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரிதுதான், வந்தால் ஆபத்து.

கேள்வி: பள்ளி பிரேயரில் நின்றுகொண்டிருந்த மகள் வெளிறி விழுந்தாள். பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள், கை கால் இழுத்தது. மூன்று வருடம் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். வேண்டுமா?
— ஒரு தந்தை, கும்பகோணம்

பதில்: உட்காரவைத்ததால்தான் இழுத்திருக்கும். வெயிலில், வெறும் வயிற்றில், நெடுநேரம் நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கி, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று விழுந்து வரும் மயக்கம் இது. விழுந்தவர் தரையில் படுத்தால் ரத்தம் தலைக்குத் திரும்பி அரை நிமிடத்துக்குள் கண் திறந்துவிடும். தூக்கி நிமிர்த்திப் பிடித்தால் மூளைக்கு ரத்தம் போவது தடைப்பட்டு, சில நொடி கை கால் வெட்டும். பார்ப்பவர் அதை ஃபிட்ஸ் என்று சொல்ல, மாத்திரை தொடங்கிவிடுகிறது. விழும் முன் கண் இருட்டியதா, காது அடைத்ததா, வியர்த்ததா என்று கேளுங்கள். எழுந்ததும் ஆள் தெரிந்து பேசினாளா? ஆம் என்றால் அந்த மாத்திரை தேவையா என்று நரம்பியல் மருத்துவரிடம் மறுபடி கேளுங்கள்.

காலைச் சாப்பாடும், பிரேயருக்குமுன் இரண்டு டம்ளர் தண்ணீரும் கட்டாயம். கண் இருட்டும்போது கால்களைப் பின்னி, தொடையையும் பின்புறத்தையும் இறுக்கி நிற்கட்டும், அழுத்தம் ஏறும். முடியாவிட்டால் வெட்கப்படாமல் கீழே உட்கார்ந்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஓடும்போதோ நீந்தும்போதோ விழுந்தால், அலாரம் போன்ற திடீர் சத்தத்தில் விழுந்தால், முன்னறிகுறியே இல்லாமல் விழுந்தால், குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தால், அது இதயத் துடிப்புக் கோளாறாக இருக்கலாம். ஈ.ஈ.ஜி., எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுத்த ஃபைலில் ஒரு ஈ.சி.ஜி. இல்லாததை அடிக்கடி பார்க்கிறோம். செலவு குறைவான அந்தப் பரிசோதனையை முதலில் எடுங்கள். மயங்கி விழும் ஒவ்வொருவருக்கும் அது வேண்டும்.

கேள்வி: வலிப்பு வரும்போது சாவிக்கொத்து கொடுத்தால் நிற்கிறதே? — ஒரு வாசகர், மதுரை

பதில்: சாவியைத் தேடி எடுத்துவர ஒன்றரை நிமிடம் ஆகும். வலிப்பு தானாக நிற்பதும் ஏறக்குறைய அப்போதுதான். கம்பியோ அரிவாளோ கொடுத்தால் காயம்தான் மிச்சம். கடிகாரத்தைப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றி, சட்டைக் காலரைத் தளர்த்தி, வெட்டு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர், சோடா எதுவும் கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு அழுத்தலில் வரும் மருந்தின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். புதுப் பாட்டில் வாங்கும்போதெல்லாம் எத்தனை அழுத்தல் என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: வலிப்பு உள்ள பெண்ணின் திருமணம் செல்லுமா? வண்டி ஓட்டலாமா? — ஒரு வாசகி, வேலூர்

பதில்: செல்லும். 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொன்ன வார்த்தை 1999-ல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்தால் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டிவரும், வேளை தவறும், வலிப்பு வரும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரைப் பார்த்து மருந்தைச் சரிசெய்து ஃபோலிக் ஆசிட் தொடங்குங்கள். இங்கே வழக்கமாக 5 மில்லிகிராம் எழுதுகிறோம். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்ல குழந்தைகளைப் பெறுகிறார்கள், தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

லைசென்ஸ் கேட்கும்போது தரும் படிவம் 1-ல் வலிப்போ திடீர் நினைவிழப்போ உண்டா என்ற கேள்வி இருக்கிறது. உண்டு என்றால் லைசென்ஸ் கிடைக்காது. பிரிட்டனில் ஓராண்டு வலிப்பு வராமல் இருந்தால் கார் ஓட்டலாம். அப்படிப்பட்ட கால வரம்பு இங்கேயும் வர வேண்டும். அதுவரை ஸ்கூட்டியைத் தொடாதீர்கள்.

கேள்வி: டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்? — ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: முதலில், பார்த்த ஆளைக் கூட்டிப்போங்கள். அண்ணன் பார்த்திருக்க அப்பா வந்து "கீழே விழுந்தான் சார்" என்று சொன்னால் ஒன்றும் தெரியாது. வர முடியாதவரைப் போனிலாவது பேசவையுங்கள்.

அடுத்தது செல்போன் வீடியோ. பத்திரமாக ஒருக்களித்துப் படுக்கவைத்த பிறகு, கால்மாட்டில் நின்று முழு உடம்பும் தெரிய எடுங்கள். போர்வையை விலக்குங்கள். பிறகு முகத்துக்குப் போய்க் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பதிவாகட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "மாம்பழம்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவையுங்கள், தெளிந்ததும் "என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள். நின்ற பிறகும் இரண்டு நிமிடம் விடாமல் எடுங்கள். எந்தக் கை வலுவிழந்திருக்கிறது, பேச்சு எப்போது திரும்புகிறது என்பது அங்கேதான் தெரியும்.

தினக் காலண்டர் தாளில் தேதி, நேரம், எத்தனை நிமிடம், முந்தின இரவு எத்தனை மணி தூக்கம், மாத்திரை தவறியதா, மாதவிடாய் நாளா, காய்ச்சலா என்று ஒரு வரி எழுதிக்கொண்டே வாருங்கள். சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளைத் தூக்கிப்போடாமல் எடுத்துச் செல்லுங்கள். "வெள்ளை மாத்திரை, பாதி" என்பதால் பயனில்லை.

ஈ.ஈ.ஜி. எடுப்பதற்கு முந்தின நாள் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வாருங்கள். எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடு ஒட்டாது, பதிவு கோணலாகும். 20, 30 நிமிடம் எடுக்கும் முதல் ஈ.ஈ.ஜி., வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நார்மலாகவே வரும். இரவு தூக்கத்தைக் குறைத்துவிட்டு, தூங்கும்போது எடுத்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடும். அதற்காக எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும், அன்று காலை மாத்திரை கொடுக்க வேண்டுமா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.